மாசம் 500 ரூபாயில் முதலீடு தொடங்க முடியுமா? புளியஞ்சோலை குடும்பத்தின் கணக்கும் 7 படிகளும்

கொல்லிமலையின் அடிவாரத்தில், திருச்சி மாவட்டம் துறையூர் வட்டத்தில் இருக்கிறது புளியஞ்சோலை. மலையில் இருந்து இறங்கி வரும் அய்யாறுதான் இந்த ஊரின் அடையாளம். திருச்சியில் இருந்து சுமார் 70 கி.மீ. தூரம். ஆற்றில் தண்ணீர் ஓடினால் ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் அலைமோதும். வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை. கோடையில் ஆறு வற்றினால் கூட்டமும் வற்றிவிடும்.

இப்படிப்பட்ட ஊரில் சம்பளம் என்பது மாதம் ஒன்றாம் தேதி வருவதில்லை. கையில் நாலு காசு சேரும் நேரம் பார்த்து ஒரு போன் வரும். "மாப்பிள்ளை, ஒரு லட்சம் போடு. மாசம் பத்தாயிரம் வீடு தேடி வரும். நானே போட்டிருக்கேன்." பேசுவது முன்பின் தெரியாதவர் அல்ல, சொந்த மாமாவாகவே இருப்பார்.

போடலாமா? போடக்கூடாது என்றால் வேறு எங்கே போடுவது? பங்குச்சந்தையா, போஸ்ட் ஆபீஸா, சீட்டா, நகையா? தனிநபர் முதலீட்டின் அடிப்படைகளை படிப்படியாக பார்க்கலாம்.

முதலில் கேட்க வேண்டியது எது?

முதலீடு என்றதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு வட்டி கிடைக்கும்?" உண்மையில் அது மூன்றாவதாக வர வேண்டிய கேள்வி.

முதல் கேள்வி: இந்தப் பணம் எனக்கு எப்போ திரும்ப வேணும்? இரண்டாவது கேள்வி: பணம் வராமல் போனால் யார் பொறுப்பு? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்த பிறகுதான் வட்டியைப் பற்றி பேச வேண்டும். கேள்விகளின் வரிசை மாறியதால்தான் தமிழ்நாட்டில் பல ஆயிரம் குடும்பங்கள் பணத்தை இழந்திருக்கின்றன.

புரிந்துகொள்ள ஒரு உதாரணக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். புளியஞ்சோலையில் சுற்றுலா வருவோருக்கு சாப்பாடு, டீ விற்கும் கணவன், மனைவி. இருவருக்கும் வயது 30. மகளுக்கு வயது 7. நூத்துக்கு மூணு ரூபாய் வட்டியில் 40,000 ரூபாய் கடன் இருக்கிறது. இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால் கணக்கு பல வீடுகளுக்குப் பொருந்தும்.

படி 1: மாசக் கணக்கு வேண்டாம், வருஷக் கணக்கு போடுங்க

சீசன் வருமானக்காரர்கள் செய்யும் பொதுவான தவறு, நல்ல மாசத்தை வைத்து செலவைத் திட்டமிடுவது. விடுமுறை மாசத்தில் 40,000 ரூபாய் கிடைத்திருக்கும். மழை வெள்ளத்தில் கடை மூடிய மாசத்தில் 8,000 ரூபாய்தான் கிடைத்திருக்கும்.

ஒரு சாதாரண நோட்டு போதும். 12 மாசமும் வந்ததை எழுதி, கூட்டி, 12-ஆல் வகுத்தால் உண்மையான மாச வருமானம் தெரியும். நம் உதாரணக் குடும்பத்துக்கு அது 24,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடன் வட்டியும் சேர்த்து மாசச் செலவு 20,000 ரூபாய். மீதி 4,000 ரூபாய்.

கடைக்குச் சரக்கு வாங்கும் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் ஒரே டப்பாவில் போட்டால் இந்தக் கணக்கு ஒருநாளும் சரியாக வராது. இரண்டு வங்கிக் கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. குறைந்தபட்ச இருப்பு இல்லாத ஜன்தன் கணக்கு 2014 முதல் வங்கிகளில் இருக்கிறது. அதை வீட்டுக் கணக்காகப் பயன்படுத்தலாம்.

படி 2: முதல் முதலீடு, கடனை அடைப்பது

நூத்துக்கு மூணு ரூபாய் வட்டி கேட்க சின்னதாகத் தெரியும். ஆனால் அது மாச வட்டி. வருஷத்துக்கு 36 சதவீதம். ஐந்து ரூபாய் வட்டி என்றால் 60 சதவீதம்.

ஒரு பக்கம் 36 சதவீத வட்டி கட்டிக்கொண்டு, இன்னொரு பக்கம் 7 சதவீதம் தரும் டெபாசிட்டில் பணம் போடுவது, ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது போல. மூணு ரூபாய் வட்டிக் கடனில் 1,000 ரூபாய் அடைத்தால் வருஷம் 360 ரூபாய் கண்டிப்பாக மிச்சம். இவ்வளவு லாபத்தை உத்தரவாதத்தோடு தரும் முதலீடு எதுவும் இல்லை.

நம் குடும்பம் இப்போது மாசம் 1,200 ரூபாய் வட்டி கட்டுகிறது. மீதியாகும் 4,000 ரூபாயையும் சேர்த்து மாசம் 5,200 ரூபாய் கட்டினால் 9 மாசத்தில் கடன் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு அந்த 5,200 ரூபாயும் குடும்பத்தின் பணம்.

அசலைக் குறைத்துக் கட்டலாமா என்று கடன் கொடுத்தவரிடம் முன்பே பேசிக்கொள்வது முக்கியம். கட்டும் ஒவ்வொரு முறையும் எழுத்தில் ரசீது வாங்கணும். மகளிர் சுய உதவிக் குழு மூலமோ, வங்கி நகைக்கடன் மூலமோ குறைந்த வட்டிக்கு வாங்கி, அதிக வட்டிக் கடனை மொத்தமாக முடிப்பதும் ஒரு வழி. ஆனால் பழைய கடனை முடித்த கையோடு அதே இடத்தில் மீண்டும் கடன் வாங்கினால் சுமை இரட்டிப்பாகும்.

படி 3: கஷ்டகாலத்துக்கு ஒரு தொம்பை

கொல்லிமலையின் மேலே வாழும் மலையாளி பழங்குடி மக்கள் சாமை, தினை போன்ற தானியங்களை 'தொம்பை' எனப்படும் குதிரில் சேமித்து வைப்பது வழக்கம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இந்த மலையில் சிறுதானியங்களைப் பாதுகாக்க எடுத்த முயற்சியில், ஊர் மக்களே நடத்தும் விதை, தானிய வங்கிகளும் அடங்கும். எவ்வளவு பசித்தாலும் விதைத் தானியத்தில் கை வைக்கக் கூடாது என்பது விவசாயக் குடும்பங்களின் எழுதாத சட்டம்.

அவசரகால நிதியும் அதுபோலத்தான். மாசச் சம்பளக்காரருக்கு 3 மாசச் செலவு கையில் இருந்தால் போதும் என்பார்கள். சீசன் வருமானக்காரருக்கு 4 முதல் 6 மாசம் வேண்டும். நம் குடும்பத்தின் அத்தியாவசியச் செலவு மாசம் 15,000 ரூபாய் என்றால், 4 மாசத்துக்கு 60,000 ரூபாய். மாசம் 5,200 ரூபாய் சேர்த்தால் ஏறக்குறைய ஒரு வருஷத்தில் இந்தத் தொகை வந்துவிடும்.

இந்தப் பணத்தை எங்கே வைப்பது? வட்டி அதிகம் தேட வேண்டாம். ராத்திரி ஆஸ்பத்திரிக்கு ஓடினாலும் எடுக்கும்படி இருக்கணும். ஒரு பகுதி சேமிப்புக் கணக்கில், மீதி எந்த நேரமும் உடைக்கக்கூடிய வங்கி டெபாசிட்டில் வைக்கலாம். நகை, நிலம், சீட்டு, பங்கு எதுவும் இதற்குச் சரிவராது.

படி 4: காப்பீடு இல்லாமல் முதலீடு இல்லை

சேர்த்த பணம் கரைவதற்கு ஒரு விபத்து போதும். வழுக்குப் பாறையும் மலைப்பாதையும் உள்ள ஊரில் இதை விளக்கத் தேவையில்லை.

பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் வருஷத்துக்கு 20 ரூபாய் பிரீமியம். விபத்தில் இறந்தால் 2 லட்சம் ரூபாய் குடும்பத்துக்குக் கிடைக்கும். 18 முதல் 70 வயது வரை சேரலாம். பிரதமர் ஜீவன் ஜோதி திட்டத்தில் வருஷத்துக்கு 436 ரூபாய். எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம் ரூபாய். 18 முதல் 50 வயது வரை சேரலாம். கணவன், மனைவி இருவருக்கும் இரண்டு திட்டமும் சேர்த்து வருஷத்துக்கு 912 ரூபாய். மாசக் கணக்கில் 76 ரூபாய்.

பிரீமியம் வங்கிக் கணக்கில் இருந்து தானாக எடுக்கப்படும். அந்த நாளில் கணக்கில் பணம் இல்லை என்றால் காப்பீடு தொடராது. எனவே மே மாசக் கடைசியில் கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

மருத்துவச் செலவுக்கு, ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். நம் உதாரணக் குடும்பத்தின் வருமானம் அதற்கு மேல். எனவே அவர்கள் தனியாக ஒரு குடும்ப மருத்துவ பாலிசி எடுக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ பாலிசி பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். "காப்பீடும் இருக்கு, பணமும் திரும்ப வரும்" என்று விற்கப்படும் பாலிசிகளில் பொதுவாக காப்பீட்டுத் தொகையும் குறைவு, லாபமும் குறைவு. காப்பீட்டைத் தனியாகவும் முதலீட்டைத் தனியாகவும் வைப்பது நல்லது.

படி 5: ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு தேதி

கடன் முடிந்தது. தொம்பை நிறைந்தது. காப்பீடும் இருக்கிறது. இப்போதுதான் முதலீடு தொடங்குகிறது.

ஒரு தாளில் தேவைகளையும் அது எந்த வருஷம் என்பதையும் எழுதுங்கள். ஸ்கூல் ஃபீஸ், அடுத்த ஜூன். கடைக்கூரை மாற்ற, 5 வருஷம். மகளின் கல்லூரி, 11 வருஷம். தங்கள் வயசான காலம், 30 வருஷம். தேதி தெரிந்தால் எங்கே போடுவது என்பது பாதி முடிவானது போல.

5 வருஷத்துக்குள் தேவைப்படும் பணம் ஏற்ற இறக்கம் இல்லாத இடத்தில் இருக்க வேண்டும். தபால் நிலைய ஆர்.டி. இதற்கு எளிய வழி. மாசம் 100 ரூபாயில் இருந்து கட்டலாம். காலம் 5 வருஷம். 2025 நிலவரப்படி வட்டி 6.7 சதவீதம். மாசம் 1,000 ரூபாய் கட்டினால், 60,000 ரூபாய் போட்டதற்கு முடிவில் சுமார் 71,300 ரூபாய் கிடைக்கும்.

சீசன் வருமானக்காரர் கவனிக்க வேண்டிய விஷயம்: ஆர்.டி.யில் தவணை தவறினால் 100 ரூபாய்க்கு ஒரு ரூபாய் அபராதம். ஆனால் முன்கூட்டியே சேர்த்துக் கட்ட முடியும். 6 மாசத் தவணையை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடியும் உண்டு. கூட்டம் வரும் மாசத்தில் வெறும் மாசத்துக்கும் சேர்த்துக் கட்டிவிடலாம்.

பெண் குழந்தைக்கு 10 வயது முடிவதற்குள் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம். வருஷத்துக்கு குறைந்தது 250 ரூபாய், அதிகபட்சம் 1.5 லட்சம் ரூபாய். 2025-ல் வட்டி 8.2 சதவீதம். 15 வருஷம் கட்ட வேண்டும். 21-வது வருஷத்தில் முதிர்வு. மாசம் 1,000 ரூபாய் கட்டினால் மொத்தம் கட்டுவது 1.80 லட்சம் ரூபாய். இதே வட்டி தொடர்ந்தால் முதிர்வில் 5 லட்சம் ரூபாயைத் தாண்டும். மகளுக்கு 18 வயதானால் படிப்புக்காக இருப்பில் பாதி வரை எடுக்கலாம். மாசாமாசம் கட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பது சீசன் தொழில் செய்வோருக்கு வசதி.

தபால் நிலைய சிறுசேமிப்புத் திட்டங்களுக்கு மத்திய அரசே பொறுப்பு. புதிய கணக்குகளுக்கான வட்டி மூன்று மாசத்துக்கு ஒருமுறை மாற்றத்துக்கு உட்பட்டது. செல்வமகள், பி.பி.எஃப். போன்றவற்றில் பழைய கணக்குக்கும் வட்டி மாறலாம். கணக்கு தொடங்கும் நாளில் கேட்டுக்கொள்ளுங்கள்.

72-ஐ மறக்காதீங்க

பணம் எத்தனை வருஷத்தில் இரட்டிப்பாகும் என்று மனக்கணக்காகவே சொல்ல ஒரு வழி இருக்கிறது. 72-ஐ வட்டி சதவீதத்தால் வகுக்க வேண்டும். கிசான் விகாஸ் பத்திரத்துக்கு 2025-ல் வட்டி 7.5 சதவீதம். 72-ஐ 7.5-ஆல் வகுத்தால் 9.6 வருஷம். அரசு அறிவித்த காலம் 115 மாசம், அதாவது 9 வருஷம் 7 மாசம். கணக்கு சரியாக இருக்கிறதா?

இதே கணக்கு விலைவாசிக்கும் பொருந்தும். விலை வருஷம் 6 சதவீதம் ஏறினால், இன்றைக்கு 1 லட்சம் ரூபாய் ஆகும் படிப்புக்கு 12 வருஷத்தில் 2 லட்சம் ரூபாய் வேண்டும். பணத்தை பீரோவில் வைத்தால் எண்ணிக்கை குறையாது. வாங்கும் சக்தி குறையும். ரொம்ப நாள் கழித்துத் தேவைப்படும் பணத்தை சேமித்தால் மட்டும் போதாது, வளரவும் விட வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

படி 6: 10 வருஷத்துக்கு மேல் என்றால் சந்தை

பங்கு என்பது ஒரு நிறுவனத்தில் சிறு பாகம். எந்த நிறுவனம் வளரும், எது விழும் என்று தெரியாதவர்களுக்கு மியூச்சுவல் ஃபண்ட். பலரின் பணத்தைத் திரட்டி பல நிறுவனங்களில் பிரித்துப் போடுவார்கள். இந்தியாவில் இது 1960-களில் யூனிட் டிரஸ்டின் யூனிட் 64 திட்டத்தோடு தொடங்கியது. இன்று செபி அமைப்பின் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

இதில் மாசாமாசம் ஒரே தொகையைப் போடும் முறைதான் எஸ்.ஐ.பி. பல ஃபண்டுகளில் 100 ரூபாய், 500 ரூபாயில் இருந்தே தொடங்கலாம். பான் கார்டு, ஆதார், வங்கிக் கணக்கு இருந்தால் போதும்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இண்டெக்ஸ் ஃபண்ட் எளிது. நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்ட் என்றால் அந்தப் பட்டியலில் உள்ள 50 பெரிய நிறுவனங்களிலும் பணம் பிரிந்து போகும். நிர்வாகக் கட்டணமும் குறைவு. ஒவ்வொரு ஃபண்டிலும் 'டைரக்ட்', 'ரெகுலர்' என்று இரண்டு வகை உண்டு. ரெகுலரில் முகவருக்கான கமிஷன் உங்கள் பணத்தில் இருந்தே வருஷாவருஷம் போகும். டைரக்டில் அது இல்லை. ஆனால் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆபத்து எவ்வளவு? 2008 ஜனவரியில் சென்செக்ஸ் 21,000 புள்ளிகளைத் தொட்டது. 2009 மார்ச்சில் 8,200-க்கும் கீழே போனது. மீண்டும் 21,000-ஐப் பார்த்தது 2010 நவம்பரில். இடையில் மகள் காலேஜ் ஃபீஸுக்காகப் பணத்தை எடுத்தவர் பாதிக்கு மேல் இழந்திருப்பார். எடுக்கத் தேவை இல்லாதவர் காத்திருந்து மீண்டிருப்பார். இருவரும் போட்டது ஒரே இடத்தில்தான். தேவைப்பட்ட தேதி மட்டும்தான் வேறு. அதனால் இந்த ரிஸ்க் 10 வருஷம் தொட வேண்டியிராத பணத்துக்கு மட்டும்.

ஆப்ஷன் டிரேடிங் முதலீடு அல்ல என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளை செபி ஆய்வு செய்ததில், பங்கு ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டது தெரிய வந்தது. மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். "டெலிகிராம் குரூப்பில் டிப்ஸ் தர்றோம்" என்று அழைப்பவர்களிடம் இந்த எண்ணைச் சொல்லலாம்.

சீட்டும் நகையும் முதலீடா?

20 பேர், மாசம் 5,000 ரூபாய், ஒரு லட்சம் ரூபாய் சீட்டு என்று வைத்துக்கொள்வோம். அவசரத் தேவை உள்ளவர் 20,000 ரூபாய் தள்ளி ஏலம் எடுக்கிறார். அவருக்கு 80,000 ரூபாய். தள்ளுபடியில் நடத்துபவரின் கமிஷன் 5,000 ரூபாய் போக, மீதி 15,000 ரூபாயை 20 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 750 ரூபாய். அந்த மாசம் எல்லோரும் 4,250 ரூபாய் கட்டினால் போதும். முதலில் எடுப்பவருக்கு இது கடன். கடைசியில் எடுப்பவருக்கு சேமிப்பு.

முறை நல்லதுதான். ஆனால் சீட்டு 1982-ம் ஆண்டு சிட் ஃபண்ட் சட்டப்படி பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இது பதிவுத்துறையின் கீழ் வருகிறது. 2019 திருத்தத்தின்படி கமிஷன் அதிகபட்சம் 7 சதவீதம். பதிவில்லாத சீட்டை நடத்துபவர் ஊரை விட்டுப் போனால் கையில் இருப்பது பாக்கெட் நோட்டு மட்டும்தான்.

நகையில் செய்கூலி, சேதாரம் என்று வாங்கும்போதே ஒரு பகுதி போய்விடும். விற்கும்போது அது திரும்ப வராது. கல்யாணத்துக்கு வேண்டும் என்றால் நகை வாங்கலாம். முதலீடாக மட்டும் என்றால் நகையை விட கோல்டு ஈ.டி.எஃப். செலவு குறைவு. நகைக்கடைகளின் மாதச் சீட்டு ஏன் 11 மாசத்தில் முடிகிறது தெரியுமா? பொருளுக்காக வாங்கும் முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகக் கொடுத்துவிட வேண்டும் என்பது கம்பெனிகளுக்கான விதி. அந்தப் பணத்துக்கு டெபாசிட் காப்பீடு கிடையாது. எனவே "2 வருஷம் வைத்தால் வட்டியும் தங்கமும்" என்று எந்தக் கடை சொன்னாலும் நின்று யோசிக்க வேண்டும்.

படி 7: மாமா சொன்னாலும் யார் பொறுப்பு என்று கேளுங்க

இப்போது முதலில் வந்த அந்த போனுக்கு வருவோம். "ஒரு லட்சத்துக்கு மாசம் பத்தாயிரம்." அதாவது மாசம் 10 சதவீதம்.

72 கணக்குப்படி 7 மாசத்தில் பணம் இரட்டிப்பாக வேண்டும். வட்டியை எடுக்காமல் விட்டால் 5 வருஷத்தில் 1 லட்சம் ரூபாய், 3 கோடி ரூபாயைத் தாண்டணும். இப்படி ஒரு தொழில் உண்மையிலேயே இருந்தால், அதைவிட மிகக் குறைந்த வட்டிக்கு வங்கியில் கடன் வாங்கியே நடத்தலாம். டீக்கடைக்காரரின் ஒரு லட்சத்தைத் தேடி ஏன் வர வேண்டும்?

சட்டத்திலும் ஒரு எல்லைக்கோடு இருக்கிறது. டெபாசிட் வாங்க ரிசர்வ் வங்கி அனுமதித்த நிதி நிறுவனங்கள்கூட வருஷத்துக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் வட்டி தரக் கூடாது. மாசம் ஒரு சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டினாலே எச்சரிக்கை மணி அடிக்கணும்.

தமிழ்நாட்டுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. 1990-களில் நிதி நிறுவனங்கள் வரிசையாக மூடப்பட்ட பிறகுதான் 1997-ல் முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2012-ல் பெருந்துறையை மையமாகக் கொண்ட சுசி ஈமு நிறுவனம், 1.5 லட்சம் ரூபாய் கட்டினால் 6 ஈமு குஞ்சுகளும் மாசம் 6,000 ரூபாயும் என்று சொல்லி கொங்கு மண்டலத்தில் பணம் திரட்டி முடங்கியது. ஈமுவுக்கு உண்மையான சந்தை இல்லை. கைவிடப்பட்ட பறவைகளுக்குக் கடைசியில் அரசே தீனி போட வேண்டியிருந்தது.

2022-ல் ஆருத்ரா கோல்டு டிரேடிங் வழக்கு வந்தது. 1 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் 2,438 கோடி ரூபாய் வசூலிக்கப்பட்டதாக பொருளாதார குற்றப்பிரிவு தெரிவித்தது. 2023-ல் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட பிரணவ் ஜுவல்லர்ஸ் மீது, தங்க முதலீட்டுத் திட்டத்தின் பெயரில் 100 கோடி ரூபாய் திரட்டியதாகப் புகார் எழுந்து அமலாக்கத்துறை சோதனை நடத்தியது.

எல்லாவற்றிலும் ஒரே பாணி. முதல் சில மாசம் பணம் சரியாக வரும். அது லாபம் அல்ல. பின்னால் சேர்ந்தவர்களின் பணம். வாங்கியவர் நம்பி சொந்தக்காரரைச் சேர்த்துவிடுவார். அதனால்தான் போன் செய்பவர் பொய் சொல்லாமலேயே பொய்க்கு சாட்சியாகிவிடுகிறார். மாமா கெட்டவர் என்பதல்ல பிரச்சினை. அவரும் ஏமாறப்போகிறவர்.

முகத்துக்கு நேரே மறுக்க முடியவில்லையா? "கோவிச்சுக்காதீங்க மாமா, கம்பெனியோட ரிசர்வ் வங்கி பதிவு நம்பரை மட்டும் அனுப்புங்க. பார்த்துட்டு சொல்றேன்" என்று கேட்கலாம். ரிசர்வ் வங்கியின் 'சசேத்' இணையதளத்தில், டெபாசிட் வாங்க அனுமதி உள்ள நிறுவனமா என்று பார்க்கலாம். பங்குச்சந்தை தொடர்பானது என்றால் செபி இணையதளத்தில் பதிவைச் சரிபார்க்கலாம். ஜிஎஸ்டி நம்பர், கம்பெனி பதிவுச் சான்றிதழ் இருப்பது டெபாசிட் வாங்கும் அனுமதி ஆகாது.

வங்கி டெபாசிட்டுக்கும் ஒரு எல்லை உண்டு. வங்கி மூழ்கினால், ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு இருக்கிறது. கூட்டுறவு வங்கிகளுக்கும் இது பொருந்தும். ஆனால் தொடக்க வேளாண்மை கூட்டுறவு கடன் சங்கங்களுக்கு இந்தக் காப்பீடு இல்லை.

5,200 ரூபாயை எப்படிப் பிரிக்கலாம்?

கடனும் தீர்ந்து, அவசர நிதியும் சேர்ந்த பிறகு நம் உதாரணக் குடும்பம் இப்படிப் பிரிக்கலாம்:

செல்வமகள் கணக்கு - 1,000 ரூபாய்

கடைக்கூரைக்கு ஆர்.டி. - 1,500 ரூபாய்

மனைவி பெயரில் அடல் பென்ஷன் - 577 ரூபாய். 30 வயதில் சேர்ந்தால் 60 வயதுக்குப் பிறகு மாசம் 5,000 ரூபாய் பென்ஷன். வருமான வரி கட்டுபவர்கள் சேர முடியாது.

இண்டெக்ஸ் ஃபண்ட் எஸ்.ஐ.பி. - 1,000 ரூபாய்

இரண்டு அரசு காப்பீடுகளுக்கு - 80 ரூபாய்

மீதி சுமார் 1,040 ரூபாய் மருத்துவ பாலிசி பிரீமியத்துக்கும் வருமானம் குறையும் மாசத்துக்கும். ஆறு வற்றிய மாசத்தில் எஸ்.ஐ.பி.யை தற்காலிகமாக நிறுத்தலாம். செல்வமகளில் பிறகு கட்டலாம். பென்ஷனையும் காப்பீட்டையும் மட்டும் நிறுத்த வேண்டாம்.

5,200 ரூபாய் இல்லை, 500 ரூபாய்தான் மிஞ்சுகிறது என்றாலும் படிகளின் வரிசை மாறாது. 76 ரூபாய் காப்பீடு, மீதி கடனுக்கு. கடன் இல்லை என்றால் தொம்பைக்கு.

ஏற்கெனவே ஏமாந்துவிட்டால்?

வெட்கப்பட்டு மறைப்பதுதான் ஏமாற்றுபவருக்குப் பெரிய உதவி. ரசீது, பணம் அனுப்பிய விவரம், வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு பொருளாதார குற்றப்பிரிவில் புகார் கொடுக்க வேண்டும். புகார் கொடுத்தவர்களின் பட்டியலை வைத்துத்தான், முடக்கப்பட்ட சொத்தில் இருந்து நீதிமன்றம் மூலம் பணம் பிரித்துத் தரப்படும். ஆன்லைனில் பணம் போயிருந்தால் உடனே 1930 எண்ணுக்கு அழைக்க வேண்டும். முதல் சில மணி நேரத்தில் சொன்னால், பணம் கைமாறும் முன் முடக்க வாய்ப்பு அதிகம்.

இன்னும் ஒரு வேலை பாக்கி

எல்லாக் கணக்கிலும் நாமினி பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். 2025 நவம்பர் 1 முதல் வங்கி டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம். எந்தக் கணக்கு எந்த வங்கியில், எந்த பாலிசி எங்கே, யாருக்குக் கடன் என்று ஒரு தாளில் எழுதி, வீட்டில் இன்னொருவருக்கும் காட்டி வையுங்கள். கணவருக்கு மட்டும் தெரிந்த டெபாசிட், அவர் இல்லாத நாளில் குடும்பத்துக்கு இல்லாத டெபாசிட்.

அந்தத் தாளில் எழுதி, மனைவியிடமும் மகளிடமும் சத்தமாகச் சொல்ல முடியாத முதலீடு எதுவாக இருந்தாலும், அதில் பணம் போடாமல் இருப்பதே நல்லது.